இரண்டாம் மாடிக்கு ஒரு வயர்

தையல்காரர் சொன்னது ஒன்று. கடல் தாண்டி அவருடைய மனைவியின் காதில் விழுந்தது வேறொன்று. இடையில் இருந்தது வைஃபை.

அவள் அயல்நாட்டில் ஒரு வீட்டில், படுக்கையை விட்டு எழ முடியாத ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஒப்பந்தம் முடியப் போகிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம் அங்கேதான். போடாவிட்டால் வீடு திரும்பலாம். போன ஞாயிறு பேசும்போது, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"நான் வந்துடட்டுமாங்க? வந்தா உங்களுக்குப் பாரமா இருக்குமோன்னும் யோசனையா இருக்கு."

"வர வேண்டாம்னு நான் சொல்லுவேனா? பைத்தியம்!" என்றார் தையல்காரர். அதைவிட ஆசையாகச் சொல்ல அவருக்குத் தெரியாது.

ஆனால் "வர வேண்டாம்" என்ற இடத்தில் படம் உறைந்தது. உருண்டை ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடி உயிர் வந்தபோது அவளுக்குக் கேட்டது கடைசிச் சொல் மட்டும்தான்: "பைத்தியம்!"

அவள், "சரிங்க, அம்மா கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலை செய்தி வந்தது: "நீங்க சொன்னபடியே கையெழுத்துப் போட்டுடறேன்."

நான் என்ன சொன்னேன் என்று தையல்காரர் அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, தான் பேசியதை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. நம் பேச்சுக்கு உயிர் வாலில்தான் இருக்கிறது. "வேண்டாம்" என்பதோடு நின்றால் கதவைச் சாத்துகிற மாதிரி. "வேண்டாம்னு சொல்லுவேனா" என்று முடித்தால் அதே கதவை அகலத் திறக்கிற மாதிரி. வால் அறுந்து வெறும் தலை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உடனே எழுதினார்: "நான் அப்படிச் சொல்லவே இல்லை. நீ வா." பதில் சாயங்காலம்தான் வந்தது.

"எழுத்துல யாரும் எதையும் அனுப்பலாம். என் மனசு நோகக்கூடாதுன்னு மாத்திச் சொல்றீங்களோன்னு தோணுது. ஞாயித்துக்கிழமை நம்ம ரூம்ல உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. முகத்தைப் பார்த்தா எனக்குத் தெரியும். சலூன்ல இருந்து மட்டும் பேசாதீங்க."

சலூன் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்து இருந்தது அந்தச் சலூன். இணைய இணைப்பும் மோடமும் அங்கேதான். தையல்காரரும் சலூன்காரரும் கூட்டாக வைத்துக்கொண்டது. ஆனால் தையல்காரரின் அறை இரண்டாம் மாடியில், பின்பக்கம். நடுவில் கருங்கல் சுவர்கள். வைஃபை மூச்சு வாங்கிக்கொண்டுதான் அங்கே ஏறி வரும். வந்தாலும் உட்காராது. போன் சிக்னலும் அந்த அறையில் அப்படித்தான்.

ஒரு தடவை சலூனிலேயே உட்கார்ந்து பேசிப் பார்த்தார். பாதி முகத்தில் நுரையோடு இருந்த ஒருவர் கழுத்தை நீட்டி, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டார். அடுத்த நாற்காலிக்காரர் அந்த ஊர் வெயில் எப்படி என்றார். சலூன்காரர் கத்தியைக் காற்றில் ஆட்டியபடி, "அண்ணனைப் பத்திக் கவலைப்படாதீங்கக்கா, மாசா மாசம் டை அடிச்சு விட்டுடறேன்" என்றார். டை அடிக்கும் விஷயம் அதுவரை அவளுக்குத் தெரியாது. அன்றோடு சலூன் பேச்சு முடிந்தது.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் தடைபடாத ஒரு வழி இரண்டாம் மாடி அறைக்கு வேண்டும்.

கம்ப்யூட்டர் சாமான் கடை நடத்தும், தெருவே அக்கா என்று கூப்பிடும் பெண்ணிடம் போனார். ஆளை அனுப்பச் சொன்னார். ஆட்கள் எல்லாரும் ஒரு பெரிய ஆபீஸ் வேலையில் இருக்கிறார்கள், அடுத்த வாரம்தான் முடியும் என்றாள் அவள். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து, "நீங்களே வயர் இழுத்துக்கலாம்ணே. ஊசியில நூல் கோக்கிற கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?" என்றாள்.

பிறகு பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். மேல் தோலை உரித்தால் உள்ளே மெல்லிய எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியவை. முறுக்கைப் பிரித்து, நிற வரிசைப்படி அடுக்கி, நுனியை ஒரே அளவாக வெட்டி, கண்ணாடி மாதிரி இருக்கும் கனெக்டருக்குள் செருகி, குறடு போன்ற ஒரு கருவியால் ஒரே அழுத்து.

"நிற வரிசை மறந்துடாதீங்க. ஆரஞ்சு வெள்ளையில தொடங்கி பிரவுன்ல முடியணும். ரெண்டு முனையும் ஒண்ணு மாதிரியே இருக்கணும்ணே, அவ்வளவுதான் சூட்சுமம்."

"நூல்கண்டு அடுக்கற ஆளும்மா நான். நிறம் மறப்பேனா?" என்றார் தையல்காரர். அவள் வயரை அளந்து கொடுத்தாள். கருவியை இரவலாகக் கொடுத்தாள். தவறினால் இருக்கட்டும் என்று கைநிறைய கனெக்டர்களையும் பொட்டலத்தில் போட்டாள்.

மோடத்திலிருந்து சலூனின் பின்சுவர் வரை வயரைக் கொண்டுபோவது சுலபம். அங்கிருந்து, காற்றுக்காகக் கட்டடத்தின் நடுவே விட்டிருந்த திறந்த இடைவெளி வழியாக மேலே போக வேண்டும். தையல்காரரின் ஜன்னல் அந்த இடைவெளியில்தான் திறந்தது. கத்தரிக்கோலை நூலில் கட்டி மேலிருந்து இறக்கினார். அது பாதி வழியில் முதல் மாடி சன்ஷேடில் டங்கென்று விழுந்து உட்கார்ந்துகொண்டது. எப்படி ஆட்டினாலும் அதற்குக் கீழே போகவில்லை.

முதல் மாடியில் இருந்தவர் 'ஹாரன்'. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இன்னும் இறங்கவில்லை. ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். அவருக்கும் தையல்காரருக்கும் பேச்சு நின்றுபோய் நாளாகிவிட்டது. தையல் மிஷின் சத்தம் தலைக்கு மேலே கேட்கிறது என்று அவர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். இடிக்கிறாரா என்று தையல்காரர் இன்னும் வேகமாக மிதிப்பார். இரண்டு பேருக்கும் வயதுக்குக் குறைவில்லை.

போய்க் கதவைத் தட்டுவதைவிட மொட்டைமாடியிலிருந்து குதிப்பது மேல் என்று தோன்றியது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கண்ணில் நின்றது. 'ஆண்டவனே, வார்த்தையை நீ கொடு' என்று வேண்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கதவைத் திறந்த ஹாரன், மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன டெய்லரே, கத்தரிக்கோலால என்னைக் குத்தப் பார்த்துட்டு இப்ப நலம் விசாரிக்க வந்தியா?"

"இல்லண்ணே. ஒரு வயர் இழுக்கணும். உங்க சமையலறை ஜன்னல் பக்கம் சன்ஷேடு தடுக்குது."

"என் ஜன்னல் பக்கம் ஒரு வயரும் வரக்கூடாது. ஷாக் அடிச்சா யாரு பொறுப்பு?"

"இது கரண்டு வயர் இல்லண்ணே. பேச்சு போற வயர்."

"உன் பேச்சு அதைவிட ஷாக் அடிக்குமே!"

தையல்காரருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். வர வேண்டாம் என்று அவளுக்குக் கேட்டதையும், திங்கட்கிழமைக் கையெழுத்தையும், முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னதையும் சொன்னார்.

ஹாரன் பாதி சாத்தியிருந்த கதவை அகலத் திறந்தார்.

"உனக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ" என்றார் பிறகு. "தங்கச்சிக்காக. படி ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தக் கதவுகிட்ட நின்னு, 'சாப்பிட்டாச்சாண்ணே?'ன்னு ஒரு வார்த்தை கேக்கும். அது போனதுக்கப்புறம் இந்தப் படிக்கட்டுல என்னை யாருய்யா கேட்டாங்க?"

தையல்காரர் தலை குனிந்தார். அவள் போன பின்பும் அதே படிகளில்தான் அவர் ஏறி இறங்கினார். ஒரு வார்த்தைதான். காசில்லாமல், சிரமமில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரு வார்த்தை. மனிதனுக்கு மனிதன் செய்வதற்காக ஆண்டவன் எத்தனையோ சின்ன வேலைகளை வழியெல்லாம் போட்டு வைத்திருக்கிறான். நாம் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறோம்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார் தையல்காரர்.

"இப்ப கேக்காதே, நடிப்பா இருக்கு. போய் நூலை இறக்கு" என்றார் ஹாரன். ஆனால் முகம் இளகியிருந்தது.

அன்று பிற்பகல் வேலை மளமளவென்று நடந்தது. தையல்காரர் மேலிருந்து நூலை இறக்க, ஹாரன் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி, சன்ஷேடில் இருந்த கத்தரிக்கோலைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டார். கூரையை இடித்த அதே கட்டை. கீழே சலூன்காரர் அதைப் பிடித்து, நூலில் வயரைக் கட்டினார்.

"இழு! இழு! ஆங், லெஃப்ட்ல ஒடி! நிறுத்து, பின்னால போ!" என்று ஹாரன் முழங்கினார். எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் இரண்டு மூன்று முகங்கள் தோன்றின.

"அண்ணே, இது வயரு, லாரி இல்ல" என்றார் சலூன்காரர் கீழிருந்து.

"எதுவா இருந்தா என்ன? திருப்பம்னா திருப்பம்தான்."

வயர் மேலே வந்து சேர்ந்தது. துணியில் தையலுக்கு என்று ஓரம் விடுவதுபோல, தையல்காரர் இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாகவே மிச்சம் விட்டார். சுவர் ஓரமாகச் சின்னச் சின்ன ஆணி அடித்து, வயர் நசுங்காமல், மடங்காமல் ஓட்டினார். கீழ் முனையை முதலில் முடித்தார். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு என்று தொடங்கி, வரிசை பிசகாமல் பிரவுன் வரை. அழுத்தினார். 'கறக்' என்றது. பிறகு மேலே வந்து தன் அறை முனையையும் அதே கவனத்தோடு முடித்தார். மனைவி ஊருக்குப் போகுமுன் வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப்பில் செருகினார்.

விளக்கு எரியவில்லை.

கழற்றிச் செருகினார். எரியவில்லை. கீழே ஓடினார். மோடத்தில் மற்ற விளக்கெல்லாம் எரிந்தன. இவருடைய வயர் செருகிய துளைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் குருடாக இருந்தது. மறுபடி மேலே ஓடினார். சனிக்கிழமைச் சாயங்காலம் அது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்து, அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளைக்கு மறுபடியும் அவள் பாதிச் சொல்லோடு உறைந்து போவாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவாள். இந்த அறையில் அவளுடைய சீப்பும், கொடியில் அவள் விட்டுப்போன துண்டும் இன்னும் சில வருஷம் அப்படியே இருக்கும்.

இரண்டு முனைகளையும் போனில் படம் பிடித்து, சிக்னல் கிடைக்கும் சலூன் வாசலில் நின்று கடைக்கார அக்காவுக்கு அனுப்பினார். உடனே அவளே கூப்பிட்டாள். பேசுவதற்கு முன் கொஞ்சநேரம் சிரித்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கீழ் முனையில ஆரஞ்சு இடது பக்கம் இருக்கு. மேல் முனையில வலது பக்கம் இருக்கே?"

"ஆமா. ஒண்ணுக்கொண்ணு ஜோடியா இருக்க வேண்டாமா?"

"ஒரே மாதிரின்னு சொன்னேனேண்ணே!"

"ஒரே மாதிரிதானேம்மா வச்சிருக்கேன்? ஒண்ணு வலது, ஒண்ணு இடது…"

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் சட்டைக்குக் கை வெட்டியவர். வலக்கை வெட்டினால், துணியைப் புரட்டிப் போட்டு இடக்கை வெட்டுவார். கண்ணாடியில் பார்த்தாற்போல ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால்தான் அது ஜோடி. இரண்டும் ஒரே பக்கமாக வெட்டினால் சட்டை பாழ். 'இரண்டு முனையும் ஒண்ணு மாதிரி' என்று அவள் சொன்னது அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. வயருக்கு அவர் வலக்கையும் இடக்கையும் வைத்துத் தைத்துவிட்டார்.

"சட்டை இல்லண்ணே இது" என்றாள் அக்கா. "ரெண்டுமே வலக்கைதான்."

தையல்காரரும் சிரித்துவிட்டார். சொன்னவர் மேலும் குற்றமில்லை, கேட்டவர் மேலும் குற்றமில்லை. அவரவர் காது அவரவர் பிழைப்பில் பழகியிருக்கிறது. கடல் தாண்டி இருக்கும் மனைவி மட்டும் என்ன, கையெழுத்தும் டிக்கெட்டும் பாரமுமாக நினைத்துக்கொண்டிருந்தவள். அறுந்து வந்த 'வேண்டாம்' அவள் பயத்தில் போய்க் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மிச்சம் விட்ட வயர் இருந்ததால் மேல் முனையை வெட்டிப் புதிதாகக் கட்ட முடிந்தது. செருகினார். சின்னதாக ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கீழேயிருந்து சலூன்காரர், "அண்ணே, எரியுது!" என்று கத்தினார். அதை ஹாரன் வாங்கி, "எரியுதாம்யா!" என்று ஊருக்கே அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் நெரியும். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக் பலகை. முடி உலர்த்தும் மிஷினுக்கு இடம் வேண்டுமானால் மோடத்தைப் பிடுங்குவது வழக்கம். அன்று சலூன்காரர் உலர்த்தும் மிஷினை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் துண்டாலேயே தலை துவட்டிவிட்டார். ஹாரன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "யாராவது கை வச்சீங்க, தெரியும் சேதி" என்று அவர் மெதுவாகச் சொன்னது மாடிவரை கேட்டது.

தையல்காரர் சவரம் செய்து, தானே தைத்த சட்டை போட்டு, லேப்டாப் முன் உட்கார்ந்தார். மணி அடித்தது. அவள் வந்தாள்.

படம் அவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் பார்த்தது கலங்கிய தண்ணீரில் தெரியும் முகம். இப்போது அவள் இமை துடிப்பதும், நெற்றியோரம் நரை ஓடியிருப்பதும், உதட்டோரம் ஒரு சின்ன வெடிப்பும் தெரிந்தன. அவளும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூமைக் காட்டுங்க" என்றாள்.

லேப்டாப்பைத் தூக்கி மெல்லச் சுற்றிக் காட்டினார். ஜன்னல், மிஷின், கட்டில், கொடி. கொடியைப் பார்த்ததும், "அந்தத் துண்டை இன்னும் எடுக்கலியா?" என்றாள். "காயட்டும்னு விட்டேன்" என்றார் அவர். அது காய்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்று இருவருக்கும் தெரியும்.

மறுபடி உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தார். இப்போது ஒன்றும் வரவில்லை. கண்கள்தான் வேலை செய்தன. அவள் போட்டிருந்தது, ஊருக்குப் போகுமுன் அவர் தைத்துக் கொடுத்த ரவிக்கை. அளவு பார்த்துப் பார்த்துத் தைத்தது. அது இப்போது தோளில் நிற்காமல் வழிந்தது. கையில் இரண்டு விரல் நுழையும். யார் எவ்வளவு இளைத்தார்கள் என்று தையல்காரனிடம் பொய் சொல்ல முடியாது.

"என்னம்மா இப்படி இளைச்சுட்டே?" என்றார். அதற்குப் பிறகு மற்றது தானாக வந்தது. "வர வேண்டாம்னு நான் சொல்லுவேனா? நீ இல்லாம இந்த ரூம்ல எனக்கு என்ன இருக்கு? வந்துடும்மா."

படம் உறையவில்லை. ஒவ்வொரு சொல்லும், வால்வரை, அவள் முகத்தில் போய்ச் சேருவதை அவர் பார்த்தார். அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சநேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. முன்பெல்லாம் இப்படி மௌனம் வந்தால், 'கேக்குதா? கேக்குதா?' என்று கத்துவார்கள். இன்று இருவரும் கத்தவில்லை. கேட்கிறது என்று தெரிந்தது.

"நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் அவள் கடைசியில். பிறகு தயங்கினாள். "ஆனா உடனே கிளம்ப முடியாதுங்க. இந்த அம்மாவுக்கு வேற ஆள் வரணும். புது ஆள் கைப்பழக்கம் ஆகற வரைக்கும் நான் கூட இருக்கணும். என் கையால குடுத்தாத்தான் தண்ணிகூடக் குடிக்கிறாங்க. விட்டுட்டு எப்படி வருவேன்?"

எவ்வளவு நாள் என்று கேட்க அவருக்கு நாக்கு துடித்தது. கேட்டால் அவள் கணக்குப் போட ஆரம்பிப்பாள். கணக்குப் போட்டால் கலங்குவாள். எங்கோ ஒரு படுக்கையில், பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல், இவள் கைத் தண்ணீருக்காகக் காத்திருக்கும் அந்த முகம் தெரியாத உயிரை நினைத்தார். கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரையும் நினைத்தார்.

"அவங்களைப் பார்த்துட்டே வா" என்றார். "நான் எங்கே போகப் போறேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளிலிருந்து நழுவிய ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் பார்வை அங்கே நிற்பதைக் கண்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"என்ன, மனசுக்குள்ள அளவு எடுக்கறீங்களா?"

"ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கணும்" என்றார் தையல்காரர்.

"இருக்கட்டும். வந்ததும் பிடிச்சுக்கலாம்."